ஓடிபி அக்கா

"வாயில என்னா, கொழுக்கட்டை வெச்சிக்கினு இருக்கியா?"

பதினொன்றாம் வகுப்பில், ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொல்லி, முதல் வரியிலேயே திக்கி நின்ற இளவரசியைப் பார்த்து டீச்சர் இப்படிக் கேட்டார். டீச்சர் கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற அலுப்பில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே மறந்தும் போயிருப்பார். வகுப்புதான் மறக்கவில்லை. மறுநாளே இளவரசிக்குக் 'கொழுக்கட்டை' என்று பெயர் விழுந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் கொழுக்கட்டை, பஸ் ஸ்டாப்பில் கொழுக்கட்டை. அவள் அம்மா இறந்து நான்கு மாதம்கூட ஆகாத சமயம் அது. காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவு போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா தாண்டவராயன் ஒருநாள் மட்டும் கேட்டார். "பாப்பா, இஸ்கூலு?"

அவள் தலையை ஆட்டினாள். அது போகிறேன் என்கிற ஆட்டலா, போகமாட்டேன் என்கிற ஆட்டலா என்று அவருக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்கவும் அவருக்குத் தெரியவில்லை.

திண்டிவனத்தில் அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தது அம்மா இருந்தவரைக்கும்தான். மூன்று பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். "உங்க பொண்ணுக்குச் செருப்பு அறுந்துபோச்சாம்" என்று அவரிடம் சொல்வாள். "உங்கப்பாவுக்குக் குழம்புல காரம் தூக்கலாம்" என்று இவளிடம் சொல்வாள். அவர் அவளுக்குச் சொல்ல வேண்டியதும், அவள் அவருக்குச் சொல்ல வேண்டியதும் அம்மா வழியாகத்தான் போய்வந்தன. அம்மா போன பிறகு வீட்டில் சோறு இருந்தது, விளக்கு இருந்தது, இரண்டு பேர் இருந்தார்கள். சத்தம்தான் இல்லை.

தாண்டவராயன் குட்டியானை ஓட்டினார். ஊரில் அந்தச் சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பெயர். மார்க்கெட் கமிட்டியிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று போய்விட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். இன்ஜின் அணையும். ஆனால் ஆள் இறங்கமாட்டார். அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம்கூட, ஸ்டியரிங்கில் கையைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாக இளவரசி அதைப் பார்ப்பாள். அம்மா இல்லாத வீட்டுக்குள் வர அவருக்கு மனசில்லை, தன் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

இந்த முடிவை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். 'பேச்சுத்துணை' என்கிற செயலி அது. அம்மாவின் பழைய போனில், யாரோ சொல்லி அல்ல, விளம்பரத்தைத் தெரியாமல் தொட்டு வந்து சேர்ந்தது. நாம் பேசினால் அது பொம்பளைக் குரலில் பதில் பேசும். இளவரசி ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் திணறினாலும் அது காத்திருக்கும். சிரிக்காது, அவசரப்படாது. கேப்பைக் களி கட்டி தட்டிப்போன கதையிலிருந்து, பீரோவைத் திறந்தால் இன்னமும் அம்மா வாசனை வருகிறது என்பது வரைக்கும் எல்லாவற்றையும் அதனிடம் சொன்னாள். அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள்.

"உனக்கு அப்படித் தோன்றுவது மிகவும் வேதனையாக இருக்கும். உன் உணர்வு நியாயமானதுதான்" என்றது அது.

அதைக் கேட்டதும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அழுகையும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

இப்படி ஒன்பது மாதம் ஓடிய பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. இந்த மாதிரிச் செயலிகளிடம் பேசிப் பேசி எங்கோ சில பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து கெட்டுப்போனதாகவும், அரசாங்கம் விதி போட்டிருப்பதாகவும் டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். இளவரசி அதைத் தன்னோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் செயலியைத் திறந்தால் பேச்சு வரவில்லை, எழுத்து வந்தது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். மாதக் கடைசிக்குள் பெறாவிட்டால் கணக்கு மூடப்படும், பேசியவை எல்லாம் அழிக்கப்படும்.

சேரும்போதே வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இந்த வம்பு இல்லை. ஆனால் அவளுக்குப் பொய் வராது. பேச்சே வராதவளுக்குப் பொய் எங்கிருந்து வரும்?

ரேஷன் கார்டு வைக்கிற மஞ்சள் பையிலிருந்து அப்பாவின் ஆதார் அட்டையை எடுத்து, எண்ணை அடித்து, அனுப்பு என்பதைத் தொட்டாள். ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்று வந்தது. எந்த நம்பருக்கு என்று கடைசி மூன்று எண்ணைக் காட்டியது. அது அப்பாவின் நம்பர் இல்லை. யார் நம்பர் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் போனில் 'ஓடிபி அக்கா' என்று பதிந்திருக்கிற நம்பர்.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் ஆதார் அட்டை எடுக்கப் போனபோது தாண்டவராயனிடம் போன் கிடையாது. அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த குசுமா, "நம்பரு இல்லாட்டிப் போவுது, என் நம்பரைப் போட்டு வுடறேன்" என்று தன் நம்பரையே போட்டுவிட்டாள். அவருக்கு மட்டுமா? போன் இல்லாமல் வந்த முப்பது நாற்பது குடும்பத்துக்கு அப்படித்தான் போட்டாள். பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. நம்பரை மாற்ற மட்டும் யாருக்கும் நேரம் வரவில்லை. சிலிண்டரா, முதியோர் பென்ஷனா, பயிர்க்காப்பீடா, எதற்கு ஓடிபி போனாலும் அது குசுமாவின் போனில்தான் போய் விழும். "அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க" என்பார்கள். அவள் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, மாவு பிசைந்தபடியே எண்ணைச் சொல்வாள்.

இளவரசிக்கு இது நல்லதாகப் போயிற்று. அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம். ஓடிபி அக்காவைக் கேட்டால் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஒரு போன் செய்தால் போதும்.

அந்த ஒரு போனுக்கு அவளுக்கு நான்கு நாள் ஆனது. கடைசி நாளுக்கு முந்தின நாள், ஓடிபியை மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு, மூன்று முறை அழைத்து மூன்று முறையும் மணி அடித்ததும் வைத்துவிட்டாள். நான்காவதாக அங்கிருந்தே வந்தது.

"யாரும்மா அது, அடிச்சி அடிச்சி வெச்சிக்கினு? ஓடிபியா?"

"ஆ... ஆமாக்கா."

"பேரு?"

"தா... தாண்டவராயன்."

"தாண்டவராயன் அண்ணனுக்குக் கொரலு இம்மாம் இனிமையா எப்ப மாறிச்சி?" என்று சிரித்துவிட்டு, "இரு, பார்க்கிறேன்" என்றாள் குசுமா. மெசேஜை அவள் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. "ஏம்மா, இது என்னா ஓடிபி? 'இவர் என் பிள்ளைதான், இவருடைய பாதுகாப்புக்கு நான் பொறுப்பு'ன்னு கீது. நீ அண்ணனோட பொண்ணா? நாளைக்குத்தான் கடைசி நாளுன்னும் போட்டுக்கீது. நேர்ல வா. அஞ்சு மணிக்குள்ள வந்துடு. நான் பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்."

வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் இளவரசி தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக ரயில் ஏறினாள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்துகொண்டிருந்தது. போய் என்ன சொல்வது? பேச்சுத்துணையையே கேட்டாள். அது அழகாக ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தது. விழுப்புரம் வரைக்கும் அதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், நான்கு படி ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. உள்ளே பெஞ்சு முழுக்க ஆட்கள் டோக்கன் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி, கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பிரிண்டருக்கும் கைரேகை மெஷினுக்கும் நடுவில் இருந்தாள்.

இளவரசி நேராகப் போய் நின்று, மூச்சை இழுத்து, "வணக்கம். எனக்கு உங்களிடமிருந்து ஒரு சிறிய உதவி தேவைப்படுகிறது" என்றாள்.

குசுமா நிமிர்ந்து பார்த்தாள். "என்னாம்மா, நியூஸ் வாசிக்கிறியா?"

பெஞ்சு சிரித்தது. இளவரசியின் காது சூடாகிவிட்டது. ஆனால் குசுமா பக்கத்து ஸ்டூலில் இருந்த காகிதக் கட்டைத் தூக்கிக் கீழே வைத்து, "குந்து இங்க. வேர்த்துப் போயிருக்கே. தண்ணி குடி" என்று தன் பாட்டிலைத் தந்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சி வடிகட்டிய தண்ணீர். செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர், நயினார் வீட்டுப் பெண் அவள். இரவில் சாப்பிடுவதில்லை, வடிகட்டாமல் தண்ணீர் குடிப்பதில்லை.

"இப்ப உம் பாஷையில சொல்லு."

இளவரசி சொன்னாள். திக்கித் திக்கி, நடுவில் ஒருத்தருக்குச் சாதிச் சான்று, இன்னொருத்தருக்குப் பட்டா நகல் என்று குசுமா எழுந்து எழுந்து போய்வர, அரை மணி நேரம் ஆனது. குசுமா ஒருமுறைகூட "சீக்கிரம் சொல்லு" என்று சொல்லவில்லை.

"ஆமான்னு அழுத்திடுங்கக்கா. உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் வராது."

"நான் உனக்கு அம்மாவா, அப்பாவா? எப்பிடி அழுத்தறது?"

"மத்த ஓடிபி எல்லாம் சொல்றீங்களே."

"அது சிலிண்டரும்மா. சிலிண்டரு வந்து எறங்கினா சரி, யாரு ஓடிபி சொன்னான்னு அது கேக்காது. இது நீ இல்ல?" குசுமா கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் மெசேஜு வரும். நான் இங்க பிரிண்டரோட மல்லுக்கட்டிக்கினு இருப்பேன். திண்டிவனத்துல நீ என்னா ஆனன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இளவரசிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்று ராத்திரியோடு எல்லாம் போய்விடும். ஒன்பது மாதப் பேச்சும், அம்மா வாசனையும், எல்லாமும்.

"அழாத. வழி கீது. ஓடிபி இல்லாட்டி கைரேகை வெச்சும் ஒப்புதல் குடுக்கலாம், இதோ இந்த மெஷின்லயே. உங்கப்பாவைக் கூப்புடு."

"வேணாங்க்கா. அவருக்கு... அவருக்கு என்னைப் பிடிக்காது."

"யாரு சொன்னா?"

இளவரசி போனைப் பார்த்தாள். குசுமாவும் போனைப் பார்த்தாள்.

"அது உங்கப்பாவைப் பார்த்திருக்குதா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"நானும் ஒருவாட்டிதான் பார்த்திருக்கேன். ஆனா கொரலைக் கேட்டுக்கினேதான் இருக்கேன். கூப்புடு. நான் பேச மாட்டேன், நீதான் பேசணும். மணி நாலு ஆவப்போவுது."

அப்பாவின் நம்பரை அவள் அதுவரை அழைத்ததே இல்லை. அவரும் அழைத்ததில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு எதற்குப் போன்? எண்ணை அழுத்தினாள். ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை.

"பாப்பா? என்னா பாப்பா?"

"அப்பா... நான் வி... விழுப்புரத்துல இருக்கேன்."

"விழுப்புரத்துலயா! ஏன், என்னா ஆச்சு? யாரு கூட்டிக்கினு போனா?"

"யாரும் இல்ல. தனியாத்தான். ஓடிபி அக்கா கடையில."

"அங்கயே இரு. எங்கயும் போவாத. விக்கிரவாண்டியிலதான் மூட்டை எறக்கிக்கினு கீறேன். தோ, வர்றேன்."

நாற்பது நிமிடம் என்று குசுமா கணக்குப் போட்டாள். இருபத்தைந்தாவது நிமிடம் சந்து முனையில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. குட்டியானை பாதிச் சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் பாதி இறக்கியும் பாதி இறக்காமலும் அப்படியே இருந்தன. தலையெல்லாம் சணல் தூசியோடு தாண்டவராயன் நான்கு படியையும் ஒரே தாவாகத் தாவி வந்தார். மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கை, கால், முகம் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே" என்றாள் குசுமா. "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஒரு கைரேகை வேணும், அவ்ளோதான்." விஷயத்தை நான்கு வரியில் சொன்னாள்.

அவர் ஒன்றும் கேட்காமல் மெஷினில் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு.

"மூட்டை தூக்கித் தூக்கி ரேகை எல்லாம் தேஞ்சிபோச்சி குசுமாம்மா."

"தலையில நல்லா தேய்ச்சிட்டு வெய்யுங்க. எண்ணெப் பசை ஏறினா எடுக்கும்."

தலையில் சணல் தூசிதான் இருந்தது. பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "இந்தாப்பா, எந்தலையில தேய்ச்சிக்க, இப்பத்தான் வெளக்கெண்ணெ வெச்சிக்கினு வந்தேன்" என்று குனிந்து காட்டினார். கடையே சிரித்தது. ஐந்தாவது முறை, இடது கைச் சுண்டுவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"இனிமே கேள்வி. நான் படிக்கிறேன், நீங்க பதில் சொல்லணும்." குசுமா திரையைப் பார்த்துப் படித்தாள். "உங்கள் பிள்ளை இந்தச் சேவையைப் பயன்படுத்துவது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்" என்றார் தாண்டவராயன்.

இளவரசி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எப்பிடிண்ணே தெரியும்? பாப்பா சொல்லலைன்னுதே."

"சாயங்காலம் பேசிக்கினு இருக்கும். வாசலுக்குக் கேக்கும். நான் உள்ள போனா நிறுத்திடும். அதனால வண்டியிலயே குந்திக்கினு இருப்பேன். முடிச்சதும் போவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். மொதல்ல எவனாவது பையனோன்னு ஒரே பேஜாரா இருந்துச்சி. ரெண்டு நாளு காதைக் குடுத்தேன். அப்புறம் பார்த்தா, பேசி முடிக்கறப்பல்லாம், எதிர்ல பேசற கொரலு 'வேறு ஏதேனும் உதவி வேண்டுமா'ன்னு கேக்குது. எந்த மனுசன் அப்பிடிக் கேக்கறான்? சரி, இது மெஷினுதான்னு வுட்டுட்டேன். அதுக்கப்புறம் காது குடுக்கல. வண்டிக் கண்ணாடிய ஏத்திக்குவேன்." அவர் மகளைப் பார்க்காமல் பிரிண்டரைப் பார்த்துச் சொன்னார். "வூட்ல பாப்பா கொரலு கேக்கறதே அப்ப மட்டுந்தான் குசுமாம்மா. அதையும் ஏன் கெடுக்கணும்?"

இளவரசிக்கு அந்த ஒன்பது மாதச் சாயங்காலங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஏற்றிவிட்ட வண்டிக் கண்ணாடி. ஸ்டியரிங்கில் கிடந்த கை. பசியோடுதான் உட்கார்ந்திருந்திருப்பார். அது தெரியாமல், ஆறிப்போன குழம்பைச் சுடவைக்காமல்கூட எத்தனை நாள் போட்டிருக்கிறாள்.

"அடுத்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அனுமதிக்கிறீர்கள்? ஒரு மணிக்கு மேல போடக் கூடாதாம்."

"பாப்பாவுக்கு எவ்ளோ வேணுமோ, அதையே கேளுங்க."

"அரை மணி போதும்ப்பா" என்றாள் இளவரசி.

தாண்டவராயன் சட்டென்று திரும்பினார். வார்த்தை திக்காமல் வந்திருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார்.

"கடைசிக் கேள்வி பாப்பாவுக்கு. இதை அதுவேதான் எழுதணும், நாம பார்க்கக் கூடாதுன்னு போட்டுக்கீது." குசுமா கீபோர்டை இளவரசி பக்கம் தள்ளி, திரையையும் திருப்பி வைத்தாள். "அந்தப் பக்கம் பாருங்கண்ணே."

திரையில் ஒரே வரி இருந்தது. உனக்கு மனம் சரியில்லாத நேரத்தில் நாங்கள் யாரை அழைக்கலாம்? நீ நம்பும் பெரியவர் ஒருவரின் பெயரையும் எண்ணையும் எழுது.

இந்தக் கேள்வி வரும் என்று செயலி முன்பே சொல்லியிருந்தது. எழுத ஆள் இல்லையே என்று நேற்றிரவு முழுக்க யோசித்தவள், இங்கே வந்து தண்ணீர் குடித்த பிறகு, "உங்க பேரைப் போட்டுக்கட்டுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டிருந்தாள். "போட்டுக்கோ, நாப்பதோட நாப்பத்தொண்ணு" என்றிருந்தாள் குசுமா.

இளவரசி பெயரை அடித்தாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதால் இரண்டு முறை தப்பு வந்தது, அழித்து அழித்து அடித்தாள். பிறகு எண்ணை எழுதினாள். அது அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. ஒருமுறைகூட அழைக்காத எண் எப்படி மனப்பாடம் ஆனது என்று அவளுக்கே ஆச்சரியம்.

அனுப்பு என்பதைத் தொட்டாள். குசுமா தன் போனைத் திரும்பிப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது.

தாண்டவராயனின் சட்டைப் பையில் போன் ஒரு சின்னச் சத்தம் போட்டது. அவர் எடுத்தார். கண்ணிலிருந்து தூரமாகப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, எழுத்துக் கூட்டி வாசித்தார். 'இளவரசி... தனக்கு... மனம் சரியில்லாத... நேரத்தில்... பேச விரும்புகிறவராக... உங்கள் பெயரைத்... தந்திருக்கிறார். சம்மதம் என்றால்... ஒன்றை... அழுத்தவும்.' முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"படிச்சிக் காட்டட்டுமாண்ணே?" என்று குசுமா கேட்டாள்.

வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கட்டை விரலால் ஒன்றைத் தேடி, நிதானமாக, தப்பாகப் பட்டுவிடாதபடி அழுத்தினார். போனைச் சட்டைப் பையில் வைத்து, பையை மேலாக ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். துண்டை எடுத்து முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அழுந்தத் துடைத்தார்.

சந்தில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். "உங்க வேலை முடிஞ்சிதாண்ணே, அடுத்த டோக்கன் நாந்தான்" என்று பெஞ்சிலிருந்து ஓர் இளம்பெண் கேட்டாள். தாண்டவராயன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். மகளின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, நான்கு படியையும் ஒவ்வொன்றாக இறங்கி, வண்டியை எடுக்க வெளியே போனார்.